சின்னக் கண்ணாடி

வேன் மறுபடியும் கத்தத் தொடங்கியபோது நிரஞ்சனி அப்பாவின் முகத்தில் உட்காரப் பார்த்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நிற்கிறவர்களில் யாரோ வேனில் சாய்ந்திருக்க வேண்டும். அந்த அலாரம் ஒரே குரலில் கத்துகிற சாதியா என்ன? முதலில் கோழியைப் பிடித்தது போல ஒரு கூவல், பிறகு விட்டு விட்டு ஒரு விசில், கடைசியில் ஆம்புலன்ஸ். பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் அப்படியே வாயை மூடிக்கொண்டு வாசலைப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா? ஆளக் கொன்னும் இன்னும் அதுக்கு அடங்கல," என்றார் கணேஸ் மாமா. அம்மாவின் தம்பி அவர். குண்டசாலைச் சந்தியில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். நேற்றுக் காலையிலிருந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவர்தான் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். "வேணாம் மச்சான், பழைய வேனுக்கு எதுக்கு இந்தப் புதுப் பவிசுன்னு எத்தனையோ தடவ சொன்னேன். கேட்டாரா? தானே வச்ச பொறியில தானே மாட்டிக்கிட்டாரு."

பெண்கள் 'உச்' கொட்டினார்கள். "விதி வயர் ரூபத்துல வந்திருக்கு," என்றாள் அப்பாவின் அண்ணியான பெரியம்மா.

நிரஞ்சனி ஈயை இன்னும் வேகமாக விரட்டினாள். பொறியாம். எலிக்கு வைப்பதுதான் பொறி. இருபது வீட்டுப் பிள்ளைகளைப் பத்திரமாகப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்த மனுசனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அவர் காதுக்குப் பக்கத்திலேயே பேசுகிற பேச்சா இது?

அம்மா பேச்சியம்மா பெட்டியின் தலைமாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுகை நேற்றிரவோடு வற்றிவிட்டது. வலக் கையில் அலுமாரிச் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். யார் வந்து கட்டிப்பிடித்தாலும் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"வேனோட மாத்துச் சாவி கேட்டு ஆட்டோ வந்துச்சு. எதுக்குன்னு தெரியல எனக்கு. மெதுவாத்தானே தேடுனேன். அலுமாரிக்குள்ள சீலைக்கு அடியில கெடந்துச்சு. தேத்தண்ணி அடுப்புல இருக்கேன்னு அத வேற எறக்கி வச்சிட்டுப் போய்த் தேடுனேன்."

நிரஞ்சனி வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பட்டனை அமுக்கியதும் கத்தல் நின்றது. உள்ளே கதவுக் குமிழ்கள் எல்லாம் ஒன்றாக 'டக்' என்று எழும்பின. வேனில் சாய்ந்திருந்த வெற்றிலை வாய்க்காரர் ஒரு குற்றமும் செய்யாதவர் போல சாவுக்குக் கட்டிய வெள்ளைக் கொடிகளை எண்ணிக்கொண்டு நின்றார்.

பழைய வேன்தான். ஆனால் அப்பா அதைத் துடைக்கிற துடைப்புக்கு முகம் பார்த்துத் தலை சீவலாம். கதவை அடித்து மூடினால் ஏச்சு. சேற்றுக் காலோடு ஏறினால் ஏச்சு. கண்ணாடியில் கை வைத்தால் அதற்குத் தனி ஏச்சு. ஒரு தீபாவளிக்கு கணேஸ் மாமா கண்ணாடியில் விரலால் தன் பெயரை எழுதிவிட்டு வாங்கிய ஏச்சை இன்றைக்கும் சொந்தக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். "கண்ணாடி என்ன ஒங்கப்பன் வீட்டுச் சிலேட்டா?" என்று கேட்டிருந்தார் அப்பா. அம்மாவின் அப்பாவும் அப்போது பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அலாரம் பவிசுக்கு வைத்ததா? அது மாமாவுக்கும் நன்றாகத் தெரியும். ஒருநாள் வளைவில் வேன் திரும்பும்போது பின்சீட்டுச் சின்னப்பிள்ளை ஒன்று வழுக்குக் கதவின் பிடியை இழுத்து விளையாடி, கதவு பாதி திறந்துவிட்டது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரமே திகனையில் வேன்களுக்கு வயர் வேலை செய்யும் நுஸ்கியிடம் போய் நின்றார். நிரஞ்சனியும் கூடப் போயிருந்தாள்.

நுஸ்கி டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அலாரப் பெட்டியிலிருந்து வருகிற வயர்களைக் கதவுப் பூட்டு வயர்களோடு சேர்த்தான். முதல் தடவை மாறிப் போய்விட்டது. பூட்டுகிற பட்டனை அமுக்கினால் கதவு திறந்தது, திறக்கிற பட்டனை அமுக்கினால் பூட்டிக்கொண்டது. "நம்ம அரசாங்கம் மாதிரியே வேல செய்யுதே," என்று அப்பா சிரித்தார். நுஸ்கி இரண்டு வயரையும் மாற்றிவிட்டு, இன்னொரு வயரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டான்: "வீரையாண்ணன், இதையும் குடுத்தா எஞ்சின் ஸ்டார்ட் பண்ணின ஒடனே கதவெல்லாம் தானாப் பூட்டும். ஓஃப் பண்ணினா தானாத் தெறக்கும். குடுக்கவா?"

"அதுக்குத்தானே தம்பி வந்ததே," என்றார் அப்பா.

அந்த வயர்தான். நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சந்திக்குக் கொஞ்சம் முன்னால் வேனை ஓரங்கட்டியபோது, கைப் பிரேக் போட்டிருக்கிறார். பின்னால் வருகிற வாகனங்களுக்காக இரண்டு பக்கத்து சிக்னலையும் போட்டிருக்கிறார். எஞ்சினை நிறுத்த மட்டும் கை போகவில்லை. மழைக்கு ஏற்றிய கண்ணாடிகள், பூட்டிய கதவுகள். எட்டிப் பார்த்த ஒருவர் கடைக்கு ஓடிப்போய் மாமாவைக் கூட்டி வந்தார். சனம் வேனைப் பிடித்துக் குலுக்கியது. அலாரம் கத்தியது. மாமா மாற்றுச் சாவி எடுத்துவரப் பல்லேகல வீட்டுக்கு ஆட்டோ அனுப்பினார். மழை, வாகன நெரிசல், அலுமாரி, சீலை. சாவி வந்து கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

இவ்வளவும் மாமா சொன்னதுதான். இதில் ஏதோ ஒன்று நிரஞ்சனியின் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. என்ன என்று பிடிபடவில்லை.

"தங்கச்சி."

நுஸ்கி. மோட்டார் சைக்கிளைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தான். தலைக்கவசம் கையில் இருந்தது. வாசலில் நின்ற ஆண்கள் அவனைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் கூட அவன் உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போடவில்லை.

"உள்ளுக்கு வாங்க நுஸ்கியண்ணன். அப்பாவைப் பாருங்க."

"பாக்கணும். அதுக்கு முந்தி ஒன்னக் கண்டு கதைக்கணும்னு வந்தேன்." அவன் தலைக்கவசத்தை மற்றக் கைக்கு மாற்றினான். "ஊரெல்லாம் என்னோட வயர்தான் அண்ணனக் கொன்னுச்சுன்னு கதைக்கிறாங்க. நேத்திலேந்து எனக்குத் தூக்கமில்ல. வேணும்னா என்னய ஏசு. ஆனா நான் போன்லயே சொல்லிட்டேன், தங்கச்சி."

"என்ன சொன்னீங்க? எந்த போன்ல?"

அவன் அவளை விசித்திரமாகப் பார்த்தான். "கணேஸண்ணன் ஒனக்குச் சொல்லல்லயா? கதவத் தெறக்க ஏலாம இருக்குன்னு எனக்கு போன் எடுத்தாரு. பின்னால சைட்ல சின்னக் கண்ணாடி இருக்கு பாருங்க, அத ஒடைங்க, கையப் போட்டுக் குமிழ இழுங்க, யோசிக்க வேணான்னு சொன்னேன். நான் திகனையிலேந்து வந்து சேர நேரமாகும்னும் சொன்னேன். பக்கத்துல ஒரு சிங்கள ஆள் கல்லு வச்சிருந்தாரு போல. ‘கடனவாத, கடனவாத’ன்னு கேட்டுட்டே இருந்தாரு. கணேஸண்ணன் ‘எபா, எபா’ன்னாரு. அதோட போன் கட் ஆச்சு."

கடனவாத என்றால் உடைக்கவா. எபா என்றால் வேண்டாம். கண்டியில் பிறந்த பிள்ளைக்கு இதற்கு அகராதி வேண்டுமா?

நிரஞ்சனி வேனின் பின்பக்கத்துக்குப் போனாள். கடைசி சீட்டுக்குப் பக்கத்தில், முக்கோணமாக, இரண்டு கை அகலம் கூட இல்லாத சின்னக் கண்ணாடி. ஒரு கீறல் இல்லை. பளபளவென்று இருந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது.

இதுதான் அந்த முள். கண்ணாடி உடையவே இல்லை. கல் கிடக்காத ரோடா அது? மரக்கறிக் கடையில் எடைக்கல் இல்லையா? அத்தனை ஆண்கள் சுற்றி நின்றிருக்கிறார்கள். போன் பிடித்துப் படம் எடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனுசன் கண்ணைச் செருகிக்கொண்டிருக்க, ஆட்டோவை அனுப்பிவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். யாரோ ஒரு ஊர் பேர் தெரியாத மனுசனுக்குத் தோன்றியது, சொந்த மச்சானுக்குத் தோன்றவில்லை. தோன்றாதது மட்டுமா? தோன்றினவனையும் தடுத்திருக்கிறார். இப்போது உள்ளே உட்கார்ந்துகொண்டு வயர், விதி, பொறி!

அதைக் கூட விடலாம். அம்மா சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தேடினேன் மெதுவாகத் தேடினேன் என்று உருகிக்கொண்டிருக்கிறாளே, அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பிளேன்டீ குடிக்கிறாரே, அதை எப்படி விடுவது?

அவள் நேராக உள்ளே போய் அம்மாவின் காதருகே குனிந்தாள். "அம்மா, நீங்க தேடினதால ஒண்ணும் ஆகல. கண்ணாடிய ஒடைக்கச் சொல்லி நுஸ்கியண்ணன் சொல்லியிருக்கார். மாமாதான் வேணான்னிருக்காரு."

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வெளிச்சம் எதுவும் வரவில்லை. "என்னய தேத்தச் சொல்ற கத வேணாம்டி. அப்பிடின்னா அவன் எங்கிட்ட சொல்லியிருப்பான். கோடிச்சீலை எடுத்துட்டு வந்திருக்கான். பொறந்த வீடுன்னு எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன். சாவு வீட்டுல சண்ட வேணாம்."

மகள் சொன்னால் ஆறுதல். தம்பி சொன்னால்தான் உண்மை. நிரஞ்சனிக்கு விளங்கிவிட்டது. மாமாவின் வாயிலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் அம்மா அந்தச் சாவிக்கொத்தோடுதான் மிச்ச காலத்தையும் ஓட்டுவாள்.

நிமிர்ந்தாள். "மாமா, ஒரு கேள்வி. எபான்னு சொன்னது யாரு?"

தேங்காய் உடைத்தது போலக் கேட்டுவிட்டாள். மாமாவின் கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. அவர் வாசலைப் பார்த்தார். அங்கே தலைக்கவசத்தோடு நுஸ்கி நின்றுகொண்டிருந்தான்.

"என்னடி கேக்குற?" என்றாள் பெரியம்மா.

"ஒங்கள இல்ல பெரியம்மா. மாமாவ."

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா வெளியே தப்பு மேளம் அடிக்கத் தொடங்க வேண்டும்? பிரேத வண்டி வந்துவிட்டது என்று யாரோ சத்தம் போட்டார்கள். எல்லோரும் எழுந்தார்கள். மாமாவும் எழுந்து பெட்டியின் கால்மாட்டைப் பிடித்தார். நல்ல வேளை கிடைத்தது அவருக்கு.

பெட்டியைத் தூக்குமுன் இன்னொரு சண்டை. கொள்ளிக்குடம் யார் தூக்குவது? பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைப் பெரியம்மா முன்னே தள்ளினாள்.

"நான் தூக்குறேன்," என்றாள் நிரஞ்சனி.

"பொம்பளப்பிள்ள மயானத்துக்கு வர்றதே இல்ல, இதுல குடமா?"

"வேன் ஓட்டப் பழக்குனப்ப அப்பா பொம்பளப்பிள்ளன்னு பாக்கல. சாவி எங்கிட்டதான் இருக்கு. நான்தான் ஓட்டிட்டு வாறேன். நான்தான் தூக்குறேன்."

"இவ வாயும் அவரு வாய்தான்," என்றாள் பெரியம்மா. அது திட்டா பாராட்டா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

மஹியாவை மயானத்தில் தூறல் விட்டு விட்டுப் பெய்தது. பிரேதம் எரிக்கிற கட்டடத்துக்கு முன்னால் பெட்டியை இரண்டு மரக்கட்டைகளில் வைத்தார்கள். தண்ணீர் நிறைந்த மண்குடத்தை நிரஞ்சனியின் இடது தோளில் ஏற்றினார்கள். அது இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைக்கவில்லை. பெட்டியைச் சுற்றி மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வருகிறவர் கத்தி முனையால் குடத்தில் ஓர் ஓட்டை போட வேண்டும். மச்சான் முறைக்காரன்தான் போட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஆகவே கத்தி கணேஸ் மாமாவின் கையில் இருந்தது.

முதல் சுற்று முடிந்து நின்றாள். 'டொக்' என்று சத்தம். தண்ணீர் அவள் முதுகில் சில்லென்று வழிந்தது. ஒரே கொத்து. சுத்தமான ஓட்டை. மண்பானைக்கு அந்தக் கை கொஞ்சமும் தயங்கவில்லை.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பார்க்கவில்லை. முன்னால் பார்த்தபடியே, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"பானைய ஒடைக்க மட்டும் கை வருது, என்ன மாமா?"

இரண்டாவது சுற்றில் பின்னால் வருகிற செருப்புச் சத்தம் தடுமாறியது. நின்றாள். கொத்து விழவில்லை. தோள் கடுத்தது. முதல் ஓட்டையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. "கொத்து கணேஸ்," என்று யாரோ சொன்னார்கள். கத்தி முனை குடத்தில் பட்டது, வழுக்கியது, மறுபடி பட்டது. பல்லில் கல் அரைபடுவது போல ஒரு சத்தம்தான் வந்தது.

"ஏசுவாருன்னுதான்டி..." என்றார் மாமா.

அவள் குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணாடிய ஒடைச்சா மச்சான் ஏசுவாரே, இந்த வேனுக்கு அந்தக் கண்ணாடி லேசுல கெடைக்காதேன்னு... நாளைக்கு எழும்பி வந்து சந்தியில வச்சுக் கேப்பாரேன்னு... சாகப் போறாருன்னு நான் நெனைக்கவே இல்லடி. ஏசுவாருன்னுதான் நெனைச்சேன்."

பக்கத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் இதைக் கேட்டார்களோ இல்லையோ. நிரஞ்சனி கேட்டாள். பதில் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. ஒரு சின்னக் கண்ணாடி அளவுக்கு மனுசனுக்கு விலை இல்லையா என்று கேட்கலாம். இதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விதான். ஆனால் அப்பா சந்தியில் நின்று கையை ஆட்டி ஆட்டி ஏசுகிற காட்சி அவள் கண்ணுக்குள் குறுக்கே வந்து நின்றது. நிச்சயமாக ஏசித்தான் இருப்பார்.

"அம்மா அலுமாரிச் சாவிய இன்னும் கையில புடிச்சிட்டு இருக்காங்க," என்றாள்.

கொஞ்சம் கழித்துக் குடத்தில் 'டொக்' என்றது.

மூன்றாவது சுற்றும் முடிந்து, குடத்தைப் பின்பக்கமாகப் போட்டாள். அது உடைந்த சத்தத்துக்குக் கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் ஆட்கள் ஏறினார்கள். நுஸ்கி மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான். மாமா முன்சீட்டில் ஏறவில்லை. கடைசி சீட்டுக்குப் போனார். நிரஞ்சனி சாவியைத் திருப்பி எஞ்சினை எழுப்பியதும் கதவுகள் எல்லாம் ஒன்றாக 'டக்' என்று பூட்டிக்கொண்டன. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது தெரிந்தது. அவர் கடைசி சீட்டிலிருந்து எழும்பி, நடுச்சீட்டுக்கு வந்து, அந்த ஜன்னல் கண்ணாடியை இழுத்துத் திறந்தார். சாரல் உள்ளே அடித்தது. சீட் உறை நனைந்தது. அப்பா தோய்த்து இஸ்திரி போட்டு மாட்டிய உறை. பக்கத்திலிருந்தவர் மூடுவதற்குக் கையை நீட்டிவிட்டு, மாமாவின் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார்.

பல்லேகல வரைக்கும் அந்த ஜன்னல் திறந்தே இருந்தது. யாரும் ஏசவில்லை.

வீட்டு வாசலில் வாளியில் மஞ்சள் தண்ணீர் வைத்திருந்தார்கள். எஞ்சினை நிறுத்தியதும் குமிழ்கள் எழும்பின. எல்லோரும் இறங்கிக் கால் கழுவினார்கள். மாமா வாளிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். காலைக் கழுவி, மறுபடியும் கழுவி, ஈரக்காலோடு உள்ளே போனார்.

நிரஞ்சனி இறங்கவில்லை. நனைந்த சீட்டைத் துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். துடைக்காமல் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். சின்னக் கண்ணாடி வழியாகத் திறந்திருந்த வாசல் தெரிந்தது. அதற்கு அப்பால் பெட்டி இருந்த இடத்தில் விளக்கு மட்டும் எரிந்தது. சுவரோரம் அம்மா அதே இடத்தில் இருந்தாள். மாமா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவருடைய முதுகுதான் இவளுக்குத் தெரிந்தது. தலை குனிந்திருந்தது. ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார் என்பது தோள் அசைவதில் தெரிந்தது. ஒரு சொல்லும் இங்கே கேட்கவில்லை.

அம்மா வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலக் கையைப் பிரித்தாள். சாவிக்கொத்தைத் தனக்குப் பக்கத்தில், தரையில் வைத்தாள்.

கண்ணாடியில் நிரஞ்சனியின் மூச்சு படிந்தது. அதைத் துடைக்க விரலைக் கொண்டுபோனவள், கண்ணாடியைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.